போனில் எஃப்எம் வரவில்லை: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

நேற்றுவரை பாடிக்கொண்டிருந்த போன் இன்று வெறும் இரைச்சலைத் தருகிறது என்றால், பெரும்பாலோர் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கிறார்கள். போனை மொத்தமாக ரீசெட் செய்கிறார்கள். அல்லது பிளே ஸ்டோரில் 'எஃப்எம் ரேடியோ' என்று தேடிக் கிடைத்ததையெல்லாம் நிறுவுகிறார்கள். முதலாவது அவசரம், இரண்டாவது வீண். போனுக்குள் இருக்கும் எஃப்எம், சிம்மும் டேட்டாவும் இல்லாமலேயே இயங்கக்கூடிய ஒரு முழு ரேடியோ. ரேடியோவில் பழுது என்றால் முதல் சந்தேகம் ஆண்டெனாவின் மேல் விழ வேண்டும். போனில் அந்த ஆண்டெனா வேறெதுவும் இல்லை, இயர்போன் வயர்தான். ஆகவே முதலில் வயர், அடுத்து அது நுழையும் துளை, அடுத்து நீங்கள் நிற்கும் இடம், அதன்பின் மென்பொருள், எல்லாவற்றுக்கும் கடைசியில் போர்டு.

தொடங்கும் முன் மூன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: நன்றாக வேலை செய்யும் இன்னொரு வயர் இயர்போன், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எஃப்எம் கருவி, அது பக்கத்து வீட்டுப் பட்டன் போனாகவும் இருக்கலாம், உங்கள் ஊரில் உறுதியாகக் கிடைக்கும் ஒரு நிலையத்தின் எண். சென்னையில் அகில இந்திய வானொலியின் ரெயின்போ 101.4, திருச்சியில் ரெயின்போ 102.1, கோவையில் ரெயின்போ 103.0, மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கோடைக்கானல் 100.5. இந்த எண் இல்லாமல் தேடத் தொடங்கினால், பழுது போனிலா காற்றிலா என்றே தெரியாமல் அலைய நேரும்.

உங்கள் போனில் எஃப்எம் உண்மையிலேயே இருந்ததா?

கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் கேட்டே ஆக வேண்டும். வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள். பாட்டு நின்றால் நீங்கள் இத்தனை நாள் கேட்டது இணைய வானொலி. அதில் வரும் தடங்கலுக்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை. டேட்டா பேக் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

பிளே ஸ்டோரில் எஃப்எம் என்ற பெயரோடு கிடக்கும் செயலிகளில் அநேகமாக எல்லாமே இந்த வகைதான். காரணம் எளிது. போனுக்குள் இருக்கும் எஃப்எம் சிப்பைத் தொட, வெளியாட்கள் எழுதும் செயலிகளுக்கு ஆண்ட்ராய்டு பொதுவான வழி எதையும் திறந்துவிடவில்லை. அந்தச் சாவி போன் செய்த நிறுவனத்தின் சொந்தச் செயலியிடம்தான் இருக்கிறது. ஆகவே போனோடு வந்த செயலி வேலை செய்யவில்லை என்று வேறொன்றை நிறுவுவதால் பயன் இல்லை, விளம்பரம்தான் கூடும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். 2017 செப்டம்பரில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத் தலைவர் அஜித் பய், புயல் காலத்தில் உதவும் என்று சொல்லி ஐபோனில் எஃப்எம்மைத் திறந்துவிடும்படி ஆப்பிளைக் கேட்டார். ஐபோன் 7, 8 ஆகியவற்றில் எஃப்எம் சிப்பும் இல்லை, அதற்கான ஆண்டெனா அமைப்பும் இல்லை என்று ஆப்பிள் பதில் சொல்லிவிட்டது. ஆண்ட்ராய்டிலும் விலை கூடிய மாடல்களில் பலவற்றில் எஃப்எம் கிடையாது. நடுத்தர, குறைந்த விலைப் போன்களில்தான் இன்னும் தாராளமாக இருக்கிறது. விலை ஏற ஏற ஒரு வசதி குறைவது விசித்திரம்தான், ஆனால் நிலைமை அதுதான்.

செருகியிருந்தும் 'இயர்போனைச் செருகவும்' என்றே சொல்கிறது

இது எஃப்எம்மின் பழுதே அல்ல. வயர் உள்ளே வந்துவிட்டது என்பது போனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். முதலில் பாட்டுச் செயலியில் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஸ்பீக்கரிலேயே வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

முதல் குற்றவாளி போனின் உறை. தடித்த ரப்பர் கவர் போட்டிருந்தால் பின்னின் தோள்பட்டை கவரில் முட்டி, கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நின்றுவிடும். கவரைக் கழற்றிவிட்டு, 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்திச் செருகிப் பாருங்கள்.

அடுத்தது துளைக்குள் சேரும் நூல்தூசி. சட்டைப் பையிலும் ஜீன்ஸ் பையிலும் கிடக்கும் போனில், பின்னைச் செருகும் ஒவ்வொரு முறையும் தூசி அடியில் அமுங்கி அமுங்கிக் கெட்டிப்பட்டுவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு மெத்தையே தெரியும். போனை அணைத்துவிட்டு, துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊக்கு, ஊசி, சிம் ஊசி எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் மெல்லிய தொடுதகடுகள் ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். வாயால் ஊதுவதும் நல்லதல்ல, எச்சில் ஈரம் உள்ளே போகும். கேமராவுக்கு வைத்திருக்கும் ரப்பர் ஊதுபந்து நன்றாகவே வேலை செய்யும்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: எதையும் செருகாமலேயே மேலே இயர்போன் படம் தெரிகிறது, எஃப்எம் தாராளமாகத் திறக்கிறது, நிலையம் மட்டும் இல்லை. மழையில் நனைந்தோ வியர்வை இறங்கியோ துளைக்குள் ஈரம் தொடுதகடுகளை இணைத்துவிட்டது என்று பொருள். காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் விட்டுவையுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம். காய்ந்த பின்னும் படம் போகவில்லை என்றால் உள்ளே துரு ஏறத் தொடங்கியிருக்கலாம். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்துப் பார்க்கலாம்.

செயலி திறக்கிறது, தேடுகிறது, ஒரு நிலையமும் கிடைக்கவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பண்பலை ஒலிபரப்பு நம் நாட்டில் 87.5 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. 100 மெகா ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர். நல்ல ஆண்டெனாவுக்கு அதில் கால் பங்காவது வேண்டும். அதாவது 75 சென்டிமீட்டர். கையகல போனுக்குள் இதை அடைக்க முடியாது. இயர்போன் வயரோ ஒரு மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த வயரில் இரண்டு காதுகளுக்கும் பொதுவாக ஓடும் கிரவுண்டு கம்பியையே ஆண்டெனாவாகப் பயன்படுத்திக்கொள்ளும்படி போனை வடிவமைத்துவிட்டார்கள். ஒலி இறங்கும் வழியே அலை ஏறும் வழியும். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுதுகள் தாமாகவே பிடிபடும்.

வயர் சுருட்டிக் கிடந்தால் ஆண்டெனாவும் சுருண்டுதான் கிடக்கும். நேராகத் தொங்கவிடுங்கள். ஸ்பீக்கரில் கேட்பவர்கள் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு போனோடு ஒட்டி வைத்துவிடுவார்கள். பிறகு எஃப்எம் சரியில்லை என்பார்கள். வயரை ஜன்னல் கம்பியில் படாமல், அதன் ஓரமாகத் தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும்.

இயர்போனை மாற்றிப் பாருங்கள். கிரவுண்டு கம்பி உள்ளே அறுந்திருந்தால் பாட்டும் விசித்திரமாகக் கேட்கும்: பாடகர் குரல் மங்கி, பின்னணி இசை மட்டும் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் வயர் அறுந்திருக்கவில்லை. பின்னில் இருக்கும் இணைப்பு வரிசை உங்கள் போனுக்கு ஒத்துவரவில்லை. மைக் உள்ள பின்களில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். இவற்றில் இரண்டு தரங்கள் உண்டு. ஒன்றில் கிரவுண்டு இருக்கும் இடத்தில் மற்றதில் மைக் இருக்கும். இன்றைய போன்கள் அநேகமாக எல்லாம் ஒரே தரத்துக்கு வந்துவிட்டன, ஆனால் பழைய ஹெட்செட்டுகளும் பெட்டிக்கடையில் தொங்கும் சில மலிவு ஹெட்செட்டுகளும் இன்னும் மற்றத் தரத்தில் இருக்கின்றன. கிரவுண்டு மாறினால் ஆண்டெனாவும் மாறிப்போகும். புது இயர்போன் வாங்கிய அன்றே எஃப்எம் மங்கியது என்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வயர் சரி, துளை சரி, இன்னும் ஒன்றும் இல்லையா? தானாகத் தேடும் வசதியை நம்பாதீர்கள். ஓர் அளவுக்கு மேல் வலுவான அலை கிடைத்தால்தான் அது நிற்கும். அதற்குக் கீழே இருப்பவற்றை ஆளில்லாத நிறுத்தத்தைக் கடக்கும் பஸ் போலத் தாண்டிப் போய்விடும். கையால் உங்கள் ஊர் நிலையத்தின் எண்ணை வையுங்கள். கரகரப்போடாவது பேச்சு கேட்கிறது என்றால் சிப் உயிரோடு இருக்கிறது, பழுது ஆண்டெனாவிலோ இடத்திலோ இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போய் ஒருமுறை பாருங்கள். அங்கே தெளிவாக வந்தால் இனிமேல் போனைக் குறை சொல்ல வேண்டாம்.

மொட்டை மாடியிலும் ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுப் போனில் மட்டும் அதே நிலையம் பாடுகிறது என்றால் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. வைஃபையும் ப்ளூடூத்தும் சரியாக இயங்குகின்றனவா என்று பாருங்கள். பல போன்களில் வைஃபை, ப்ளூடூத், எஃப்எம் மூன்றும் ஒரே துணைச் சிப்பில் இருக்கின்றன. மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டால், குறிப்பாக வைஃபை பட்டனை அழுத்தியும் எழவே மாட்டேன் என்றால், அது சிப்பின் கோளாறு. வைஃபை நன்றாக இருந்து எஃப்எம் மட்டும் இல்லை என்றால் சிப்பைச் சந்தேகிக்க அவசரப்பட வேண்டாம்.

ஷாவ்மி, ரெட்மி போன்களில் டயல் செய்யும் இடத்தில் *#*#6484#*#* என்று அடித்தால் தொழிற்சாலைச் சோதனைப் பட்டியல் திறக்கும். எஃப்எம் உள்ள மாடல்களில் அதற்கும் அங்கே ஒரு சோதனை இருப்பதுண்டு. செயலியில் வராதது அங்கே வந்தால் பழுது மென்பொருளில்.

சில நிலையங்கள் மட்டும் வருகின்றன

எவை வருகின்றன, எவை வரவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பழுதுக்கான காரணம் அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.

சென்னையில் 93.5, 98.3 வருகின்றன, 101.4, 106.4 மட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒற்றைப்படை எல்லாம் வருகிறது, இரட்டைப்படை எல்லாம் காணவில்லை. போனின் எஃப்எம் அமெரிக்க முறையில் அமைந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. அங்கே நிலையங்கள் 0.2 மெகா ஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டுமே நிற்கும். இங்கே 0.1 இடைவெளி. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த போனிலும், மண்டலத்தை மாற்றி வைத்த போனிலும் இதைக் காணலாம். எஃப்எம் செயலியின் அமைப்புகளிலோ போனின் பொது அமைப்புகளிலோ மண்டலத்தை இந்தியா என்று மாற்றுங்கள். அமெரிக்க அமைப்பில் கேட்கும்போது ஒலியே கொஞ்சம் மந்தமாக, கூர்மை குறைந்து கேட்பதும் இதே காரணத்தால்தான்: உச்ச ஸ்தாயியைத் தணிக்கும் அளவு அங்கே கூடுதல் (75 மைக்ரோ செகண்டு), இங்கே குறைவு (50).

தேடும் எண் 76-இல் தொடங்கி 95-க்குள் நின்றுவிடுகிறது என்றால் அது ஜப்பானிய அமைப்பு. 98.3 இருக்கும் திசைக்கே அது போகாது.

பெரிய நிலையங்கள் எல்லாம் வந்து, 90.4 போன்ற சமுதாய வானொலி மட்டும் வரவில்லை என்றால் அது பழுதே இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியும், பாம்பன் மீனவர்களுக்கான கடல் ஓசையும் இந்த எண்ணில்தான் இருக்கின்றன. இவ்வகை நிலையங்களுக்கு விதிப்படி கிடைக்கும் வெளிப்படு திறன் 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டர். பத்துக் கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடிக்குள் உட்கார்ந்துகொண்டு அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கோடைக்கானலையோ வேறு கதையாகத்தான் பார்க்க வேண்டும்: 10 கிலோவாட் திறன், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அந்த உயரத்திலிருந்து அலைக்கு அடிவானமே கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நடுவே வேறொரு மலை மறைக்காத ஊர்களில் எல்லாம் 100.5 கேட்பது அதனால்தான். மலை மறைக்கும் ஊரில், அது கோடைக்கானலுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், கேட்காது.

ராமேசுவரம், தொண்டி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உங்கள் நிலையத்தின் இடத்தில் திடீரென்று இலங்கை வானொலி ஒன்று பேசினால் போன் கெட்டுவிடவில்லை. கடலின் மேல் வெப்பக் காற்று படர்ந்து நிற்கும் நேரங்களில் பண்பலை அலைகள் வளைந்து, வழக்கத்தைவிட மிகத் தொலைவுக்குப் போகும். ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் மோதும்போது எஃப்எம் கருவி வலுவானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். வெயில் ஏறினாலோ காற்று மாறினாலோ நிலைமை சரியாகிவிடும்.

ஒரே ஒரு நிலையம் காணாமல் போய், பக்கத்து வீட்டுக் கருவியிலும் அது இல்லை என்றால் ஒலிபரப்பு நின்றிருக்கிறது. பராமரிப்பாக இருக்கலாம், மின்தடையாக இருக்கலாம். சில நிலையங்கள் இருபத்து நான்கு மணி நேரமும் ஒலிபரப்புவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிலையம் கிடைக்கிறது, ஒலி வரவில்லை

ப்ளூடூத் இயர்போனோ கார் ஸ்டீரியோவோ எங்கோ இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒலி அங்கே போயிருக்கும். அணைத்துவிட்டு, செயலியில் ஸ்பீக்கர் பட்டனை ஒருமுறை மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஊடக ஒலியளவு தனி, ரிங் ஒலியளவு தனி. கூட்டும்போது எது கூடுகிறது என்று திரையில் கவனியுங்கள்.

வயர் இல்லாத இயர்போனில் எஃப்எம் கேட்க முடியுமா என்று கேட்பவர்கள் அதிகம். ப்ளூடூத் இயர்போனில் ஆண்டெனா ஆகக்கூடிய வயர் எதுவும் இல்லை. ஆகவே ஏதாவதொரு வயரைச் செருகி வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் ப்ளூடூத்துக்கு அனுப்ப வேண்டும். சில போன்களின் செயலி அனுமதிக்கும், பல அனுமதிக்காது. 'வயர்லெஸ் எஃப்எம்' என்று அட்டைப்பெட்டியில் போட்டு வரும் பட்டன் போன்கள் உள்ளேயே சிறு ஆண்டெனா வைத்திருப்பவை. நகரத்துக்குள் போதும், ஊருக்கு வெளியே போனால் அதிலும் வயரைச் செருகினால்தான் நன்றாகக் கேட்கும்.

வீட்டுக்குள் கரகரப்பு, சார்ஜ் போட்டால் இன்னும் மோசம்

சார்ஜரைக் கழற்றுங்கள். கரகரப்பு போய்விட்டதா? விஷயம் முடிந்தது. சார்ஜருக்குள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி இணைக்கப்படுகிறது. அதில் எழும் இரைச்சல் பண்பலை வரைக்கும் சிதறும். நல்ல சார்ஜரில் இதை உள்ளேயே வடிகட்ட உதிரிகள் வைத்திருப்பார்கள். மலிவுச் சார்ஜரில் முதலில் கை வைப்பதே அந்த உதிரிகளில்தான்.

சார்ஜர் இல்லாமலும் கரகரத்தால் வீட்டு எல்இடி பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அவற்றுக்குள்ளும் இதே வகைச் சுற்றுதான் இருக்கிறது. எந்த பல்பை அணைத்ததும் ஒலி தெளிகிறதோ அதை மாற்றிவிடுங்கள். மடிக்கணினியின் அடாப்டர், மின்தடையின்போது ஓடும் இன்வெர்ட்டர் இவையும் பட்டியலில் உண்டு.

செயலியில் ஸ்டீரியோ, மோனோ என்று தேர்வு இருந்தால் மோனோவுக்கு மாற்றுங்கள். மோனோ கேட்கப் போதுமான வலுவில் வரும் நிலையம் ஸ்டீரியோவில் 'ஸ்ஸ்' என்று இரையும். இடது வலது வேறுபாட்டைச் சுமந்து வரும் பகுதி இரைச்சலுக்கு மிக எளிதில் இடம் கொடுக்கும். கிரிக்கெட் வர்ணனைக்கும் செய்திக்கும் ஸ்டீரியோ எதற்கு?

பஸ்சிலும் ரயிலிலும் விட்டு விட்டுக் கேட்கிறது

நேராக வரும் அலையும் கட்டடங்களில் பட்டுத் திரும்பி வரும் அலையும் ஒரு இடத்தில் சேர்ந்து கூடும், இரண்டடி தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். ஓடும் வண்டியில் இந்த இரண்டையும் மாறி மாறிக் கடக்கிறீர்கள். பழுதில்லை. ஜன்னல் பக்கம் வயர் இருக்கும்படி உட்கார்ந்து, மோனோவில் வையுங்கள். அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை.

திரை அணைந்ததும் பாட்டும் நின்றுவிடுகிறது

இது பேட்டரி சேமிப்பின் வேலை. அமைப்புகளில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய், எஃப்எம் செயலியின் பேட்டரிப் பகுதியில் கட்டுப்பாட்டை நீக்குங்கள். சமீபத்தில் பயன்படுத்திய ஆப்ஸ் பட்டியலை அடிக்கடி துடைத்துத் தள்ளும் பழக்கம் இருந்தால், எஃப்எம்முக்குப் பூட்டுக் குறி போட்டு வைக்கும் வசதி சில போன்களில் உண்டு.

அப்டேட் வந்தது, செயலியே மறைந்துவிட்டது

மறைந்ததா, முடக்கப்பட்டதா, இடம் மாறியதா என்று முதலில் பார்க்க வேண்டும். அமைப்புகளில் எல்லா ஆப்ஸையும் காட்டச் சொல்லி 'எஃப்எம்', 'ரேடியோ' என்று தேடுங்கள். ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். முடக்கத்தில் இருந்தால் இயக்குங்கள். 'கருவிகள்' என்ற கோப்புறைக்குள் போய்ப் பதுங்கியிருப்பதும் வழக்கம். சில நிறுவனங்கள் தங்கள் சொந்த ஆப் கடையில் எஃப்எம் செயலியைத் தனியாக வைத்திருக்கின்றன. அங்கேயும் ஒருமுறை பாருங்கள்.

செயலி இருக்கிறது, திறந்ததும் மூடிக்கொள்கிறது என்றால் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டுப் பாருங்கள். பயன் இல்லையென்றால் செயலியின் தரவையும் அழிக்கலாம். சேமித்து வைத்த நிலையப் பட்டியல் போய்விடும், ஆகவே முதலில் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விமானப் பயன்முறை இயங்கிக்கொண்டிருந்தால் சில போன்களில் எஃப்எம்மும் படுத்துவிடும். அதையும் அணைத்துப் பாருங்கள். போனில் வேறு ரோம் (நிறுவனம் தராத மாற்று இயங்குதளம்) போட்டவர்களுக்கு: எஃப்எம் செயலியை ரோம் செய்தவர் சேர்த்திருந்தால்தான் உண்டு.

நிறுவனமே எடுத்துவிட்டது என்று தெரிந்தால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். எழுதுவதற்குப் பிடிமானமும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போன் தயாரிப்பாளர் சங்கங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது: எஃப்எம் உள்ள போன்களில் அதை முடக்கக் கூடாது, இயக்க நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். பேரிடர் நேரத்தில் செல்போன் கோபுரங்கள் விழுந்தாலும் வானொலி பேசும் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2016 வர்தா புயலையும் சென்னையில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறிவுரை என்பது சட்டம் இல்லை. ஆனாலும் மாடல் பெயரையும் மென்பொருள் பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டு, இந்த அறிவுரையையும் சுட்டி எழுதிய புகாரை ஒற்றை வரிப் பதிலால் தட்டிக்கழிப்பது கொஞ்சம் கடினம்.

டைப்-சி துளை மட்டுமே உள்ள போன்

வட்டத் துளை போனதும் எஃப்எம்முக்கு வந்த சோதனை இது. டைப்-சியிலிருந்து வட்டப் பின்னுக்கு மாற்றும் சிறு வயர்களில் இரண்டு வகை. ஒன்று, உள்ளே எதுவும் இல்லாத வெறும் கம்பி இணைப்பு. போன் தரும் ஒலியை அப்படியே கடத்தும். மற்றது, தனக்குள்ளேயே ஒரு சிப் வைத்துக்கொண்டு டிஜிட்டலை ஒலியாக மாற்றுவது. முதல் வகையில் இயர்போனின் கிரவுண்டு கம்பி போனுக்குள் இருக்கும் எஃப்எம் வரை போகிறது. இரண்டாம் வகையில் நடுவில் இருக்கும் சிப் அந்த வழியை வெட்டிவிடுகிறது. பாட்டு அருமையாகக் கேட்கும், எஃப்எம் மட்டும் 'செருகவும்' என்று சொல்லும் அல்லது வெறுமனே இரையும்.

கடையில் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். போனோடு பெட்டியில் வந்த மாற்று வயரோ இயர்போனோ இருந்தால் அதைத் தேடி எடுங்கள். எஃப்எம் உள்ள போன் என்றால் அதில் வேலை செய்ய வேண்டும். அது தொலைந்து புதிது வாங்கிய பிறகுதான் எஃப்எம் நின்றது என்றால் காரணம் கையிலேயே இருக்கிறது.

சர்வீஸ் கடைக்குப் போய் வந்த பிறகு எஃப்எம் இல்லை

திரை மாற்றினார்கள், சார்ஜிங் போர்டு மாற்றினார்கள், போன் நன்றாக இருக்கிறது, எஃப்எம் மட்டும் போய்விட்டது. இதற்குக் காரணம் பெரும்பாலும் கவனக்குறைவு. பல மாடல்களில் வட்டத் துளை கீழேயுள்ள சிறு போர்டில் இருக்கிறது. அங்கிருந்து எஃப்எம் சிப் வரை போகும் வழியில் கடுகளவு சுருள் உதிரிகள் சில உண்டு. ஒலியையும் அலையையும் பிரித்து அனுப்புவது அவற்றின் வேலை. மாற்றுச் சிறுபோர்டில் அவை இல்லையென்றால், அல்லது சூடு பட்டு ஒன்று நகர்ந்திருந்தால், சார்ஜ் ஏறும், பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யும், எஃப்எம் மட்டும் செவிடாகிவிடும்.

'எஃப்எம்மெல்லாம் இப்போது யார் கேட்கிறார்கள்' என்று கவுன்டரில் ஒரு பதில் வரும். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கொடுக்கும்போது எஃப்எம் இயங்கியது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது கடை வாசலில் நின்று இயர்போனைச் செருகி, உங்கள் ஊர் நிலையத்தைக் கையால் வைத்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். இல்லையென்றால் பழைய சிறுபோர்டையே மறுபடி பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் எஃப்எம் வந்தால் பிழை எங்கே என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

தாய்ப் போர்டில்தான் வேலை என்று சொல்லிவிட்டால், எஃப்எம்முக்காக மட்டும் அதைச் செய்யாதீர்கள். சிப்பை எடுத்து மாற்றும்போது வைஃபையும் சேர்ந்து போகும் ஆபத்து உண்டு, செலவும் கூட. அந்தப் பணத்தில் பாதி போதும், இழுத்து நீட்டும் ஆண்டெனாவோடு ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்க. 720 கிலோ ஹெர்ட்ஸில் சென்னை வானொலியின் 'ஏ' அலைவரிசை கேட்டுப் பழகியவர்கள் மத்திய அலையும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். போன்களின் எஃப்எம் சிப்பில் அது வராது.